காரைக்குடியில் பூஞ்சை ஊசி: வார்டு அருமை, மருந்துக்கடை மோசம்

கருப்புப் பூஞ்சை 2021-ஓடு போய்விட்டது என்று நினைக்கிறோம். சர்க்கரை எகிறினால் இப்போதும் வரும். எங்கள் அப்பச்சிக்கு மூக்குப் பக்கம் வந்து, மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்தது. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் ஊசியில் மீதியை ஊரோடு போட்டுக்கொள்ளலாம் என்று காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

வார்டு சிஸ்டர்களுக்கு முழு மார்க். இந்த மருந்து சலைனோடு கலந்தால் திரிந்துவிடும். ஐந்து சத டெக்ஸ்ட்ரோஸில், அதாவது சர்க்கரைத் தண்ணீரில்தான் ஏற்ற வேண்டும். சிறுநீரகத்தைக் காக்க முன்னாடியே சலைன் போடுவார்கள். அது முடிந்ததும் டெக்ஸ்ட்ரோஸ் விட்டு டியூபைக் கழுவிவிட்டு, அப்புறம்தான் மஞ்சள் பாட்டிலை மாட்டுவார்கள். ஒரு நாள்கூட இதில் அவசரம் காட்டவில்லை. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினினையும், ரத்தத்தில் பொட்டாசியத்தையும் விடாமல் பார்த்தார்கள். பொட்டாசியம் இறங்கியதும் ஒரு சிரப். "வாயில வைக்க முடியலை" என்று அப்பச்சி முகத்தைத் திருப்பினால், "தண்ணி நிறைய கலந்திருக்கேன், மெதுவா குடிங்கய்யா" என்று பக்கத்திலேயே நிற்பார் சிஸ்டர்.

மருந்துக்கடைக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஸ்டாக் இல்லை என்று சொல்லி, "அதே மருந்துதான் சார், விலையும் கம்மி" என்று வேறு பெட்டியை நீட்டினார்கள். அதே மருந்து இல்லை. அப்பச்சிக்கு எழுதியது லிப்போசோமல், அதாவது கொழுப்பு உறைக்குள் வைத்தது. உடம்பு எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம்கூடத் தாங்கும். அவருக்கு எடை 60 கிலோ, ஆக ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குப்பி ஆறு. கடைக்காரர் கொடுத்தது அந்த உறை இல்லாத பழைய வகை. அதில் கிலோவுக்கு 1.5-ஐத் தாண்டவே கூடாது. குப்பி அதே 50, பெயரும் கிட்டத்தட்ட அதே. ஆறையும் ஏற்றியிருந்தால் இதயமே நின்றுபோகலாம். சிஸ்டர் பெட்டியைப் பார்த்த மாத்திரத்தில் திருப்பி அனுப்பினார். சரியான மருந்து மதுரையிலிருந்து வர ராத்திரி ஆகிவிட்டது. கடையில் ஒரு 'சாரி' கிடையாது. பில்லில் மட்டும் பைசா பிசகவில்லை.

டூட்டி டாக்டர் இளம்பிள்ளை, ஆனால் கெட்டி. ஊசி முடிந்து, அதே பூஞ்சைக்கான போசகோனசோல் மாத்திரைக்கு மாற்றும்போது, வீட்டில் சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லிக் கட்டிலில் பரப்பினார். கொலஸ்ட்ராலுக்கான அட்டர்வாஸ்டாட்டினைத் தனியே எடுத்து வைத்தார். இரண்டும் சேர்ந்தால் தசை கெட்டுப்போகுமாம்.

கேன்டீன் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காரைக்குடியில் இருந்துகொண்டு அப்படி ஒரு சாம்பார் வைக்கத் தனித் திறமை வேண்டும்.

இந்த ஊசிக்காக உள்ளூரில் சேர்கிறவர்கள், சனி ஞாயிறுக்கான குப்பிகளை வெள்ளிக்கிழமையே வார்டு ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லிவிடுங்கள். பெட்டியில் 'லிப்போசோமல்' என்று இருக்கிறதா என்று நீங்களும் ஒரு தடவை பாருங்கள்.