பட்டம் வாங்கிய கையோடு வெளிநாட்டுத் தொண்டு: ஜெர்மனியா, பிரிட்டனா, ஐ.நா.வா?

பெருந்துறையிலோ திருச்செங்கோட்டிலோ பட்டப்படிப்பை முடித்த பிள்ளை, ஒரு வருஷம் வெளிநாட்டில் தொண்டு செய்யப் போகிறேன் என்றால், முதல் கேள்வி அமுச்சியிடமிருந்து (பாட்டியிடமிருந்து) வரும்: "சம்பளமில்லாத வேலைக்கு எதுக்குச் சாமி அத்தன தொலவு போறே?" நியாயமான கேள்விதான். யார் காசில் போகிறோம், எந்த விசாவில் போகிறோம் என்ற இரண்டுக்கும் நேரான பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் எட்டாத கனிகளை ஒதுக்கிவிடலாம். அமெரிக்க அமைதிப் படை (பீஸ் கோர்) என்ற தொண்டர் திட்டம் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இளைஞர் தொண்டுத் திட்டமான ஒருமைப்பாட்டுப் படையில் தன்னார்வலராகச் சேரும் நாடுகளின் வரிசையில் இந்தியா இல்லை. 22 வயது கொங்குப் பட்டதாரி உண்மையில் எடைபோட வேண்டியவை ஜெர்மனியின் தன்னார்வ ஆண்டு, பிரிட்டனின் அறப்பணி விசா, ஐ.நா. தன்னார்வலர் திட்டம் ஆகிய மூன்றுதான். காசு வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் நிறுவனங்களைப் பற்றியும் பிறகு சொல்கிறோம்.

ஜெர்மனியில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று பிஎஃப்டி எனப்படும் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை. 2011இல் கட்டாய ராணுவச் சேவை நிறுத்தப்பட்டபோது, ராணுவத்துக்குப் பதிலாக இளைஞர்கள் செய்துவந்த சமூகப் பணியின் இடத்தில் வந்தது இது. மற்றொன்று எஃப்எஸ்ஜே எனப்படும் தன்னார்வச் சமூக ஆண்டு, 27 வயது ஆகாதவர்களுக்கானது. இதற்கே எஃப்ஓஜே என்ற சுற்றுச்சூழல் வடிவமும் உண்டு. இயற்கைப் பண்ணை, காடு, விதைப் பாதுகாப்பு என்று இடங்கள் இருப்பதால் வேளாண் பட்டதாரிகள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். எல்லாமே வழக்கமாக 12 மாதம். முழுநேர வேலை, அதில் 25 நாள் பயிற்சி முகாம். கைச்செலவுப் பணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2025இல் அது மாதம் 644 யூரோ. அது உச்சவரம்புதான், பல இடங்களில் கிடைப்பது அதைவிடக் குறைவு. மருத்துவக் காப்பீடு உள்ளிட்ட சமூகக் காப்பீட்டுத் தொகை முழுவதையும் பணியிடமே கட்டுகிறது.

வேலை என்ன என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, மழலையர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது, மருத்துவமனையில் படுக்கை மாற்றுவது. மெக்கானிக்கல் படித்ததால் இயந்திரப் பக்கம் விடுவார்கள் என்று எண்ணிப் போனால் முதல் மாதமே மனம் உடைந்துபோகும்.

இதற்கு நுழைவுச்சீட்டு ஜெர்மன் மொழி. முதியோரோடும் குழந்தைகளோடும் பேசாமல் இந்த வேலை நடக்காது. அடிப்படை நிலையான ஏ2 போதும் என்கிற இடங்களும் உண்டு, ஆனால் அதற்கு அடுத்த நிலையான பி1 சான்றோடு போனால் விண்ணப்பம் வலுவாக நிற்கும். பி1 வரை 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை ஆகும். வாரத்துக்கு 15 வேளை என்றால் குறைந்தது ஐந்தரை மாதம், நிதானமாகப் படிப்பவருக்குப் பத்து மாதம். கோவையிலேயே ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே மையம் இருப்பதால் சென்னையில் அறை எடுக்க வேண்டியதில்லை. பி1 தேர்வு வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 வேண்டும். தவறிய பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம் என்பது பெரிய ஆறுதல்.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது ஒரு வரியைத் தேடுங்கள்: தங்குமிடமும் உணவும் பணியிடத்தின் பொறுப்பா? கைச்செலவு மட்டும் தருகிற இடமாக இருந்து, மியூனிக் போன்ற நகரமாகவும் இருந்துவிட்டால், அந்தப் பணம் வாடகைக்கே காணாது. விசா அதிகாரியும் அதைத்தான் கேட்பார். பிஎஃப்டி ஒப்பந்தம் ஜெர்மன் அரசின் கூட்டாட்சி அலுவலகத்தோடு கையெழுத்தாகிறது. வெறும் பணியிடத்தின் கடிதத்தை மட்டும் காட்டி "பிஎஃப்டி உறுதி" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிரிட்டன் கணக்கு வேறு மாதிரி. இந்த விசாவுக்கு மொழித் தேர்வு கிடையாது. அதிகபட்சம் 12 மாதம். சம்பளம் வாங்கக் கூடாது, நியாயமான செலவுகளை மட்டும் நிறுவனம் ஏற்கலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களோடு ஒரே வீட்டில் வாழ்ந்து பணிசெய்யும் கேம்ப்ஹில் சமூகங்கள் இதில் நல்ல தேர்வு. 1940இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் பக்கம் கார்ல் கோனிக் என்ற மருத்துவர் தொடங்கிய மரபு அது. தோட்டம், அடுமனை, நெசவுக்கூடம் என்று நாள் போகும். சென்னிமலைத் தறிச் சத்தத்தில் வளர்ந்தவருக்கு அந்த நெசவுக்கூடம் அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் விரும்பிய எல்லா இடமும் நம்மை அழைக்க முடியாது. அழைக்கும் நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும். பிரிட்டன் உள்துறை வெளியிடும் உரிமம் பெற்றோர் பட்டியலை இறக்கி, நிறுவனத்தின் பெயருக்கு எதிரே அறப்பணியாளர் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் மேற்கொண்டு ஒரு மின்னஞ்சலும் வீண்.

பணம் இங்கேதான் கடிக்கிறது. விசாக் கட்டணம் போக, மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, முன்கூட்டியே கட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் காசநோய்ப் பரிசோதனையும் உண்டு. அத்துடன், நிறுவனம் உங்கள் பராமரிப்புக்கு (வாழ்க்கைச் செலவுக்கு) பொறுப்பேற்காவிட்டால், 1,270 பவுண்டு, ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய், விண்ணப்பிப்பவரின் சொந்தக் கணக்கில் தொடர்ந்து 28 நாள் கிடக்க வேண்டும். அப்பா மஞ்சள் விற்ற பணத்தை முந்தின வாரம் கணக்கில் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பது வழக்கமான தவறு. இடையில் ஒருநாள் தொகை குறைந்தாலும் நிராகரிப்புதான். ஆகவே, மருத்துவக் கட்டணத்தை யார் தருவது, பராமரிப்புச் சான்று உண்டா என்ற இரண்டையும் நேர்காணலிலேயே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெர்மனியா பிரிட்டனா என்பதைப் பல வீடுகளில் கல்விக் கடன்தான் தீர்மானிக்கும். வழக்கமான திட்டத்தில் படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை இல்லை, வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். 4 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 ஆண்டு என்றால் தவணை மாதம் 5,300 ரூபாய்க்குக் கிட்ட வரும். மே மாதம் படிப்பை முடித்து, ஜூனில் ஜெர்மன் தொடங்கினால், இடம் தேடி, விசா வாங்கி, கிளம்புவது அடுத்த ஆண்டு ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில். பெரும்பாலான பணியிடங்கள் தொடங்குவதும் அப்போதுதான். ஆனால் தவணை அந்த மே மாதத்திலேயே தொடங்கிவிடும். அதாவது தொண்டு ஆண்டு முழுக்கத் தவணை கட்டும் ஆண்டு. கடைசி வருஷப் படிப்போடு சேர்த்தே மொழியைத் தொடங்கியவருக்கு இந்தச் சிக்கல் கடைசிச் சில மாதங்களுக்கு மட்டும். கடன் உள்ளவர், மொழியும் தொடங்காதவர், கையில் மூன்று லட்சம் புரட்ட முடியும் என்றால் பிரிட்டன் வேகமான வழி. கைப்பணம் இல்லை, ஒரு வருஷம் பொறுமை இருக்கிறது என்றால் ஜெர்மனி. எங்கள் சாய்வு ஜெர்மனி பக்கம்தான். காப்பீடு அவர்கள் செலவு, கற்ற மொழி கூடவே திரும்பி வரும்.

ஐ.நா. திட்டத்தின் பெயர் பெரிது, 22 வயதில் வாய்ப்பு சிறிது. 18 முதல் 26 வயதுக்கான இளைஞர் பிரிவு உண்டு. வாழ்க்கைப்படி, காப்பீடு, பயணச் செலவு எல்லாம் தருகிறார்கள். ஆனால் அந்த வெளிநாட்டுப் பணியிடங்களில் பல, நிதி தரும் நாட்டின் குடிமக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. 27 வயதுக்கு மேல் நிபுணர் பிரிவுக்குப் போகலாம், அதற்கு வேலை அனுபவம் வேண்டும். இப்போது செய்யக்கூடியது, அவர்களுடைய தளத்தில் விவரங்களைப் பதிந்துவிட்டு, வீட்டிலிருந்தே செய்யும் இணையத் தன்னார்வப் பணியில் சேர்வது.

காசு கட்டிப் போகும் வாராந்தரத் திட்டங்களை, அதிலும் அனாதை இல்லத் திட்டங்களை, நேராகவே வேண்டாம் என்கிறோம். வருகிறவர்களின் பணத்துக்காகப் பெற்றோர் உள்ள பிள்ளைகளையே இல்லத்தில் சேர்க்கும் கொடுமை கம்போடியாவில் வெளிப்பட்டது. சுற்றுலா விசாவில் பண்ணை வேலைக்குக் கூப்பிடுவதும் ஆபத்து. ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் பகுதியில் 180 நாளுக்கு 90 நாள்தான் தங்கலாம், வேலை செய்ய அனுமதியும் இல்லை.

காகிதங்களில் நம் ஊர்க்காரருக்கு வருகிற தனிச் சிக்கல் முதலெழுத்து. மதிப்பெண் பட்டியலில் கே. கார்த்திக், பாஸ்போர்ட்டில் கார்த்திக் கந்தசாமி என்று இருக்கும். மொழித் தேர்வு, ஒப்பந்தம், விசாப் படிவம் எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே எழுதுங்கள். காவல்துறைச் சான்றுக்கு பாஸ்போர்ட் சேவை வழியாக 500 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம்.

ஜெர்மனியில் 2020 மார்ச் முதல் மழலையர் பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் வேலை செய்யத் தட்டம்மை எதிர்ப்புச் சான்று கட்டாயம். சின்ன வயசுத் தடுப்பூசி அட்டை பல வீடுகளில் தொலைந்திருக்கும். ஒன்று, ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி பார்த்துச் சான்று வாங்கலாம். இல்லையென்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. பயணச்சீட்டு போட்ட பிறகு இது நினைவுக்கு வந்தால் அந்த நான்கு வாரம் கிடைக்காது. அதனால் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வாரத்திலேயே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.