கடைக்குத் தனி நம்பர்: வாட்ஸ்ஆப் பிசினஸ் எப்படி இருக்கிறது?

சென்னிமலைப் பக்கம் வீட்டு முன்கட்டிலேயே சின்னதாக ஒரு ஜவுளிக் கடை வைத்திருக்கிறோம். பெட்ஷீட், துண்டு, தலையணை உறை, பவானி ஜமுக்காளம். கடையில் உட்காருவது நான், சரக்கு எடுப்பதும் பார்சல் போடுவதும் வீட்டுக்காரர். எங்களை மாதிரி குடும்பமாகச் சேர்ந்து கடை நடத்துகிற பலர், வாட்ஸ்ஆப் பிசினஸ் போடலாமா, அதனால் வியாபாரம் கூடுமா என்று கேட்கிறார்கள். கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் வியாபாரம் கூடும் என்ற கணக்கில் போட வேண்டாம், ராத்திரி நிம்மதியாகக் கடையைச் சாத்தலாம் என்பதற்காகப் போடுங்கள். எனக்கு அதில் கிடைத்த பெரிய லாபம் அதுதான், அதனால் அதைப் பற்றித்தான் இங்கே நிறையச் சொல்லப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: இது 2018 ஜனவரியில் வந்த தனி ஆப். சாதாரண வாட்ஸ்ஆப்பை நடத்துகிற அதே கம்பெனி, சின்னக் கடைக்காரர்களுக்கென்று இலவசமாகக் கொடுப்பது. பெரிய கம்பெனிகள் காசு கட்டி வாங்குவது வேறு, அது நமக்குத் தேவையில்லை. ஒரே போனில் சாதாரண வாட்ஸ்ஆப்பும் இதுவும் சேர்ந்தே இருக்கலாம், ஆனால் இரண்டுக்கும் நம்பர் வேறு வேறாக இருக்க வேண்டும். இன்னொரு விஷயம் நிறையப் பேருக்குத் தெரிவதில்லை: கடையில் பழைய லேண்ட்லைன் இருந்தால் அந்த நம்பரிலேயே இதை ஆரம்பிக்கலாம், ஓடிபி எஸ்எம்எஸ்ஸாக வராமல் போன் அழைப்பாக வரும். அப்பா காலத்திலிருந்து ஊருக்கே மனப்பாடமான நம்பர் இருக்கிற கடைகளுக்கு இது பெரிய வசதி.

தனி நம்பர் எதற்கு என்று கேட்டால், நம்ம பக்கம் யார் வாடிக்கையாளர் யார் சொந்தக்காரர் என்று பிரிக்கவே முடியாது. பங்காளி வீட்டிலிருந்து சீருக்குத் துண்டு கேட்பார்கள், அதே பேச்சில் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்றும் கேட்பார்கள். நங்கையா பெட்ஷீட் கலர் கேட்டு அனுப்பிய மெசேஜுக்குக் கீழே அப்புச்சியின் காலை வணக்கம், அதற்குக் கீழே பள்ளிக்கூட குரூப்பில் நாளைக்கு என்ன கொண்டு வர வேண்டும் என்ற பட்டியல், அதற்கும் கீழே எங்கேயோ சேலத்துக்காரர் பணம் அனுப்பிய விவரம். எல்லாம் ஒரே நம்பரில் வந்து விழுந்தால் ஏதோ ஒன்று கண்ணில் படாமல் போகத்தான் செய்யும். அப்படிப் போவது பெரும்பாலும் வீட்டு விஷயமாகத்தான் இருக்கும், ஏனென்றால் காசு வருகிற மெசேஜைத்தான் கண் முதலில் தேடுகிறது.

எங்களுக்குத் தெரிந்த எண்ணெய்க் கடை அண்ணன் ஒருத்தர் வீட்டு நம்பரையே கடை நம்பராக வைத்திருக்கிறார். ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே போன் இருக்கும். "ஏனுங்ண்ணா, கடலெண்ணெய் இப்ப என்ன வெலைங்க?" என்று ஒரு மெசேஜ் வரும், இடது கையால் பதில் அடிப்பார். அது முடிவதற்குள் அடுத்தது வரும். அந்த அக்கா பரிமாறிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

இதில் வாடிக்கையாளர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர்களும் வேலைக்குப் போய் வந்து, பாத்திரம் கழுவி முடித்து, ஒன்பது பத்து மணிக்குத்தான் போனோடு உட்காருகிறார்கள். வீட்டுக்கு பெட்ஷீட் வாங்க வேண்டும் என்ற நினைப்பு அப்போதுதான் வருகிறது, வந்ததும் அனுப்பி விடுகிறார்கள். உடனே பதில் வேண்டும் என்று முக்கால்வாசிப் பேர் எதிர்பார்ப்பதே இல்லை. பதில் போடாவிட்டால் ஆர்டர் போய்விடுமோ என்ற பயம் நமக்குத்தான்.

அந்தப் பயத்தைப் போக்குகிற இரண்டு வசதிகள் இந்த ஆப்பில் இருக்கின்றன. ஒன்று கடை நேரம், இன்னொன்று நாம் இல்லாதபோது தானாகப் போகிற பதில். கடை நேரத்தை ஒவ்வொரு கிழமைக்கும் தனித்தனியாக வைக்கலாம். அந்த நேரத்துக்கு வெளியே வருகிற மெசேஜுக்கு மட்டும் தானியங்கிப் பதில் போகும்படி வைக்கலாம். நாங்கள் வைத்திருப்பது இதுதான்: "வணக்கமுங்க. கடை காலை 9.30 முதல் இரவு 7.30 வரை. உங்க மெசேஜ் வந்து சேர்ந்துருச்சுங்க. காலைல கடை திறந்ததும் முதல் வேலையா பார்த்துச் சொல்றோமுங்க." இதில் முக்கியம் 'வந்து சேர்ந்துருச்சு' என்பதுதான். அதைப் படித்தவர் அந்தப் பக்கம் நிம்மதியாகப் படுக்கப் போய்விடுகிறார். காலையில் பதில் போட்டால், நேற்று ராத்திரி ஏன் சொல்லவில்லை என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. வருகிற ஆர்டரும் குறையவில்லை.

இந்தத் தானியங்கிப் பதில் யார் யாருக்குப் போக வேண்டும், யாருக்குப் போகக் கூடாது என்றும் பிரித்து வைக்கலாம். இதை முதல் நாளே செய்துவிடுங்கள். மாமனுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் 'கடை நேரம் முடிந்தது' என்று ஒரு மெசேஜ் போய்விட்டால் அடுத்த விசேஷத்தில் அது பேச்சாகிவிடும். சொந்தக்காரர்களை அந்தப் பட்டியலில் விலக்கி வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை. இன்னொன்று, போனில் நெட் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்தப் பதில் போகும். டேட்டாவை அணைத்துவிட்டுப் படுத்தால் ஒன்றும் போகாது. அதனால் நாங்கள் பழைய போன் ஒன்றில் கடை நம்பரைப் போட்டு, கடை மேசையிலேயே வைஃபையில் சைலண்டாக விட்டுவிட்டு, ஷட்டரை இறக்கிவிடுகிறோம். போன் கடையில், நாங்கள் வீட்டில். நடுவில் ஒரு கதவுதான் இருக்கிறது, அதைத் திறந்துகொண்டு போய்ப் பார்க்கத் தோன்றும்தான், ஆனால் கை எட்டும் தூரத்தில் இல்லாததே பாதி உதவி.

திங்கட்கிழமை மட்டும் எங்களுக்கு விதிவிலக்கு. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரியே தொடங்கிச் செவ்வாய் நடக்கிறது. வீட்டுக்காரர் அங்கே நின்றுகொண்டு ஒவ்வொரு கட்டாகப் போட்டோ அனுப்புவார், இதை எடுக்கலாமா வேண்டாமா என்று அந்த நிமிஷமே சொல்ல வேண்டும், காலையில் சொன்னால் சரக்கு இருக்காது. அன்றைக்கு மட்டும் கடை போன் வீட்டுக்குள் வரும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பையனும் அன்றைக்கு அவன் அப்பத்தாவிடம் வாய்ப்பாடு ஒப்பித்துவிடுவான். மற்ற நாட்களில் ஏழரைக்கு மேல் அவனுக்கு முன்னால் உட்காருவது நான்தான்.

அடுத்தது க்விக் ரிப்ளை. ஒரே கேள்வியைத் தினமும் பத்துப் பேர் கேட்டால் பத்துத் தடவை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. ஸ்லாஷ் போட்டு ஒரு சின்ன வார்த்தை அடித்தால் முழுப் பதிலும் வந்து நிற்கும், 50 பதில் வரை சேமிக்கலாம். சிங்கிள் பெட்ஷீட் 60-க்கு 90 இஞ்ச், டபுள் 90-க்கு 108 என்று அளவுக்கு ஒன்று, பணம் அனுப்புவதற்கு ஒன்று, துவைப்பதற்கு ஒன்று. துவைக்கிற பதிலை என் மாமியார் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன்: "மொதத் தடவ தனியா பச்சத் தண்ணில அலசிப் போடுங்க சாமி, மத்த துணியோட போட்றாதீங்க, நெழல்ல காயப் போடுங்க." இதைப் படித்துவிட்டு, எழுதினது யாருங்க என்று கேட்காத ஆள் இல்லை. தயார் பதில் என்றாலே மிஷின் மாதிரிதான் இருக்க வேண்டும் என்று இல்லை, நாம் பேசுகிற மாதிரியே எழுதி வைக்கலாம்.

கேட்டலாக், அதாவது பொருளைப் போட்டோவோடு வரிசையாகக் காட்டி வைக்கிற இடம், நல்ல வசதிதான். 500 பொருள் வரை போடலாம் என்கிறார்கள். ஆனால் கைத்தறிச் சரக்கு வைத்திருப்பவர்கள் கொஞ்சமாகப் போடுவதே நல்லது. ஒரு பாவு (தறியில் நீளவாக்கில் கட்டுகிற நூல்) அறுத்து முடிந்தால் அந்தக் கலர் அதோடு முடிந்தது, திரும்ப அதே மாதிரி எப்போது ஓடும் என்று தறிக்காரருக்கே தெரியாது. இல்லாத பொருள் கேட்டலாக்கில் நின்றால், இருக்கிறதா என்று கேட்கிற மெசேஜ்தான் கூடும். எப்போதும் கிடைக்கிற துண்டையும் வெள்ளை பெட்ஷீட்டையும் மட்டும் நாங்கள் அதில் வைத்திருக்கிறோம். போட்டோவைக் காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் திண்ணையில் விரித்து எடுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் மெரூன் சிவப்பாகத் தெரியும், அப்புறம் பார்சல் திரும்பி வரும்.

லேபிள்களும் உண்டு: புது ஆர்டர், பணம் வரணும், பணம் வந்தது என்று ஒவ்வொரு பேச்சுக்கும் கலர் போடலாம். நோட்டில் எழுதுகிற பழக்கம் இருந்தால் இது கட்டாயம் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்கு வரவேற்பு மெசேஜ் போகிற வசதியை நான் அணைத்துவிட்டேன். 14 நாள் பேச்சு இல்லாமல் இருந்து ஒருத்தர் மறுபடி வந்தாலும் அது 'எங்கள் கடைக்கு நல்வரவு' என்று சொல்லும். பல வருஷமாக வாங்குகிறவருக்கு அது போனால் மனசுக்கு எப்படி இருக்கும்?

ஆன்லைனில் வாங்க வருகிறவர்களோடு ஏற்படுகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடும்பத்துக்கு நேரம் ஒதுக்குவது என்றாலே மற்றவர்களை வெட்டிவிடுவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூனாவில் இருக்கிற ஒரு அக்கா ஜமுக்காளம் கேட்டு வந்தவர்தான். வந்து சேர்ந்ததும் அதை விரித்து அதன் மேல் பேரக் குழந்தை தவழ்கிற போட்டோ அனுப்பினார். அப்புறம் எங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்டார், என் மாமியாரின் முட்டி வலிக்கு ஒரு தைலமும் சொன்னார். அவர் பக்கத்தில் தமிழ் பேச ஆள் குறைவு. இந்த மாதிரிப் பழக்கத்தைக் கடை நேரம் முடிந்தது என்று தள்ள எனக்கு மனசு வராது. அதனால் மத்தியானம் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தை இதற்கென்றே வைத்துக்கொண்டேன். அவசரமில்லாமல் வாய்ஸ் மெசேஜில் பேசுவேன், அவர்களும் அவசரமில்லாமல் பதில் அனுப்புவார்கள். வீட்டு நம்பரை மட்டும், வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போனவர்களுக்குத்தான் கொடுப்பது.

என்னை மாதிரியே வீட்டிலிருந்து விற்கிற பெண்கள் சேர்ந்து ஒரு குரூப் வைத்திருக்கிறோம். பணம் அனுப்பிவிட்டேன் என்று போலி ஸ்க்ரீன்ஷாட் அனுப்புகிற ஆட்களைப் பற்றி எச்சரிக்கை வருவது அதில்தான். ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பார்சல் போடாதீர்கள், பேங்க் கணக்கில் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். இதற்கு ஆப் ஒன்றும் செய்யாது, நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. நாங்கள் வைத்திருக்கிற தானியங்கிப் பதில் மெசேஜுக்குத்தான். ராத்திரி வாட்ஸ்ஆப் கால் வந்தால் போன் அடிக்கத்தான் செய்யும், அதனால்தான் சைலண்டில் போட்டுவிடுகிறோம். நிறையப் பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்புகிற பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான் சேர்க்கலாம், அதிலும் நம் நம்பரை அவர்கள் போனில் சேமித்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். இது கடைக்காரருக்குக் குறை, வாங்குகிறவருக்கு நல்லது என்றே சொல்வேன், வாரம் ஒன்றுக்கு மேல் அனுப்பினால் யாருக்கும் சலிப்புத்தான் வரும். கணக்கு எழுத இது உதவாது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் பேக்கப் இப்போது கூகுள் கணக்கின் 15 ஜிபி இலவச இடத்திலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. துணிப் போட்டோ சேரச் சேர அது நிறைந்துவிடும், அவ்வப்போது பழையதை அழிக்க வேண்டும்.

எங்களுக்கு வருகிற மெசேஜில் பெரும்பங்கு 'பார்சல் எங்கே வந்துட்டு இருக்குதுங்க' என்பதுதான். நாங்கள் அனுப்புகிற கூரியரில் டிராக்கிங் சில சமயம் இரண்டு நாள் நகராமல் நிற்கும், கேட்டால் சரியான பதில் வராது. அதனால் பார்சல் போட்ட அன்றைக்கே ரசீதைப் போட்டோ எடுத்து, எத்தனை நாளில் வரும் என்று ஒரு நாள் கூடுதலாகவே சொல்லி அனுப்பிவிடுகிறோம். ராத்திரி வருகிற மெசேஜ் பாதியாகக் குறைந்தது அதனால்தான்.

கடை போனை மட்டும் நம்பி இருக்க வேண்டியதும் இல்லை. இன்னும் நாலு கருவிகளில் அதே கணக்கை இணைக்கலாம். வீட்டுக்காரர் பார்சல் கட்டுகிற இடத்தில் கம்ப்யூட்டரில் அதைத் திறந்து வைத்திருக்கிறார், முகவரியை அங்கேயே பார்த்து எழுதிக்கொள்கிறார், என்னைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை. ஆனால் அவருடைய சொந்தப் போனில் இணைக்கவில்லை. இணைத்தால் ராத்திரி அவர் கைக்கு வந்துவிடும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலு கொடுப்பேன். தீபாவளிக்கு முன்னால் இருக்கிற வாரங்களில் கடை நேரத்தைப் பத்து மணி வரை நீட்டிக்கொள்கிறோம். அதற்கு முன்னால் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து இத்தனை நாளைக்கு இப்படி என்று சொல்லிவிடுகிறோம், மாமியார் அந்த நாட்களில் சமையலைத் தான் பார்த்துக்கொள்வதாக அவராகவே சொல்வார். பண்டிகை முடிந்த மறுநாள் ஆப்பில் நேரத்தைப் பழையபடி ஏழரைக்கு மாற்றுவது பையனுடைய வேலை.