தன்னையே உளவு பார்க்கும் பொலிஸ்காரன்: ‘எ ஸ்கானர் டார்க்லி’ நாவல்

அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் பிலிப் கே. டிக் 1977இல் வெளியிட்ட இந்த நாவலின் தலைப்பு வேதாகமத்திலிருந்து வருகிறது. 1 கொரிந்தியர் 13:12இல் “கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம்” என்றிருக்கும். கண்ணாடியின் இடத்தில் டிக் பொலிஸின் கண்காணிப்புக் கருவியை வைத்துவிட்டார்.

கதை நடப்பது கலிபோர்னியாவில், 1994இல். எழுதிய காலத்தில் அது எதிர்காலம். ‘சப்ஸ்டன்ஸ் டி’ என்ற போதைக் குளிசை ஊரைப் பிடித்திருக்கிறது. அதை விழுங்குபவர்களோடு ஒரே வீட்டில் வாழும் பொப் ஆக்டர், ஃபிரெட் என்ற பெயரில் பொலிஸின் இரகசிய ஆள். அலுவலகத்தில் அவன் அணியும் உடை 15 இலட்சம் வரையான உருவத் துண்டுகளை மாற்றி மாற்றிக் காட்டும். அதனால் மேலதிகாரிக்கும் உள்ளே யாரென்று தெரியாது. ‘பொப் ஆக்டரைக் கண்காணி’ என்ற கட்டளை ஃபிரெட்டிடமே வந்து சேர்வது இப்படித்தான்.

குளிசையின் வேலையை டிக் மிக நுணுக்கமாக அமைத்திருக்கிறார். மூளையின் இடது, வலது பாதிகளுக்கிடையே தொடர்பு குலைகிறது. பிறகு இரண்டும் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. கண்காணிப்புத் திரையில் தெரியும் ஆள் தான்தான் என்பது ஃபிரெட்டுக்கே மெல்ல மெல்ல விட்டுப்போகிறது. பிளவுண்ட மூளை பற்றிய ஆய்வுப் பகுதிகள் நாவலின் நடுவே வரும். அத்துறையில் உழைத்த ரோஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. இடையில் வரும் ஜெர்மன் வரிகளைத் தாண்டிப் போகலாம். மூளைப் பகுதிகளைத் தாண்டினால் மருத்துவப் பரிசோதனைக் காட்சிகள் பிடிபடாது.

ஆங்கிலம் கடினமில்லை, ஆனால் கொச்சை அதிகம். போதையிலிருப்பவர்களின் அரட்டை பக்கம் பக்கமாக நீளும், சலிப்பும் வரும். பொறுத்து வாசியுங்கள். அந்த அரட்டையின் சிரிப்பு எந்த இடத்தில் வற்றுகிறது என்பதில்தான் கதை நகர்கிறது.

‘ஐஸ்’ போதைப்பொருள் பற்றி நம் மாவட்டங்களில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் பிடிபட்டவனிடம் எத்தனை கிராம் இருந்தது என்பதோடு முடிந்துவிடும். டிக் அதற்கு மேலே போகிறார்: இதை விளைவிப்பது யார்? அவர்களைப் பிடிக்க, எந்த மனிதனை அவனுக்கே தெரியாமல் பலிகொடுக்கலாம் என்று அதிகாரம் முடிவுசெய்கிறது? விடை கடைசி அத்தியாயத்தில், ஒரு சோளன் தோட்டத்தில் இருக்கிறது. அம்பாறைப் பக்கம் சோளன் சேனை பார்த்தவர்களுக்கு அந்த இடம் உடனே விளங்கும். ஆளுயரம் வளர்ந்த பிறகு வரிசைகளுக்கு நடுவே என்ன நிற்கிறதென்று வீதியிலிருந்து தெரியாது. இதற்குமேல் சொன்னால் வாசிப்பு கெட்டுவிடும்.

இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் 2006இல் இதைப் படமாக்கினார். நடிகர்களைப் படம்பிடித்து, அதன்மேல் வரைந்த முறை அந்த உருமாறும் உடைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் நாவல் வெளிப்படுத்தாமல் விடும் ஓர் ஆளின் அடையாளத்தைப் படம் வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. நாவலை முதலில் முடியுங்கள்.

இறுதிக் குறிப்பில், போதைப் பாவனை நோயல்ல, ஒரு தீர்மானம் என்கிறார் டிக். இதை ஏற்க முடியவில்லை. ஆக்டர் கடமைக்காகவே குளிசை விழுங்கியவன். அவர் எழுதிய கதையே அவரை மறுக்கிறது. அதே குறிப்பில் போதையால் இறந்த, நிரந்தரமாகச் சிதைந்த நண்பர்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கணையம் கெட்டவராகத் தன்னையும் அந்த வரிசையில் சேர்த்திருக்கிறார்.