வலதுசாரி அரசியல் புரியணுமா, ஹூவர் ஆர்கைவ்ஸ் போங்க
அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில இருக்கிற ஆவணக் காப்பகம்தான் ஹூவர் ஆர்கைவ்ஸ், 1919ல, பின்னாடி அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவர் ஆரம்பிச்சது, சந்தைப் பொருளாதாரத்த ஆதரிச்ச பொருளாதார நிபுணர்கள் ஹாயெக், மில்டன் ஃப்ரீட்மனோட கடிதம், குறிப்பெல்லாம் இங்கதான் இருக்கு. ஆனா எனக்கு உசுரு ஃபயரிங் லைன் கலெக்‌ஷன்தான். 1966ல இருந்து 1999 வரைக்கும் வலதுசாரி எழுத்தாளர் வில்லியம் பக்லி நடத்துன டிவி விவாத நிகழ்ச்சி அது, நிறைய எபிசோட் யூட்யூப்ல ஃப்ரீயாவே போட்டிருக்காங்க. 1969ல, போர எதிர்த்த இடதுசாரி மொழியியல் அறிஞர் நோம் சாம்ஸ்கி வந்த எபிசோட் பாருங்க, வியட்நாம் போர் பத்தி ரெண்டு பேரும் மோதுறாங்க, பக்லி சேர்ல சாஞ்சு கையில பேனாவ வச்சுக்கிட்டு நடுநடுவுல மடக்குறாரு, சாம்ஸ்கி அசராம பதில் சொல்றாரு. நான் பக்லி கட்சி இல்ல, ஆனாலும் எதிராளிய கூப்பிட்டு உக்கார வச்சு பேசுனத இப்படி பத்திரமா வச்சிருக்காங்களே, அதுக்கே அஞ்சு ஸ்டார். டிரான்ஸ்கிரிப்டும் சைட்லயே இருக்கு, பேச்சு வேகமா போனா அத பக்கத்துல வச்சுக்கோங்க.