1964-டி பீஸ் டாலர் ஓவர்ஸ்ட்ரைக்: மேலே உள்ள தேதியை விட அடியில் உள்ள காசு முக்கியம்

1964 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் 4.5 கோடி வெள்ளி டாலர் அடிக்கப் பணம் ஒதுக்கியது. டென்வர் நாணயச் சாலை 1965 மே மாதத்தில் 3,16,076 பீஸ் டாலர்களை (ஒரு பக்கம் லிபர்டி என்ற சுதந்திர தேவியின் முகம், மறுபக்கம் கழுகு கொண்ட பழைய வெள்ளி டாலர் வகை) 1964 என்ற தேதியோடும் டென்வரைக் குறிக்கும் ‘டி’ எழுத்தோடும் அடித்தும் விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் ‘வெறும் சோதனை அடி’ என்று சொல்லி அத்தனையையும் உருக்கிவிட்டார்கள். ஒன்றாவது தப்பியிருக்கும் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. 2013-இல் காசுகளைத் தரம் பிரிக்கும் பிசிஜிஎஸ் நிறுவனம் அசல் காசைக் கண்ணில் காட்டினாலே 10,000 டாலர் தருவதாக அறிவித்தது.

இந்த வெற்றிடத்தில் வந்ததுதான் டேனியல் காரின் ஓவர்ஸ்ட்ரைக், அதாவது பழைய காசின் மேல் புதிதாக அடித்த காசு. 2001-இல் வந்த நியூயார்க், ரோட் ஐலண்ட் மாநிலக் கால் டாலர்களின் வடிவமைப்பாளர் அவர். கொலராடோவில் மூன்லைட் மின்ட் என்ற பெயரில், டென்வர் நாணயச் சாலை கழித்துவிட்ட கிராபெனர் பிரஸ்ஸை (காசு அடிக்கும் எந்திரம்) வைத்துக்கொண்டு, அசல் பீஸ் டாலர்களையே எடுத்து அவற்றின் மேல் 1964-டி டையால் (உருவம் செதுக்கிய எஃகு அச்சு) மறுபடி அடித்தார். புதிதாக ஒரு துளி வெள்ளியும் சேர்க்கவில்லை.

வாங்குபவர் மனதில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: இதன் மதிப்பு அடியில் கிடக்கும் பழைய காசில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் நகல். சந்தையில் அப்படிப்பட்ட சீன நகல்கள் 1964-டி தேதியோடு தாராளமாகவே கிடைக்கின்றன.

முதலில் எடை. பீஸ் டாலரின் விதித்த எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், 90 சதம் வெள்ளி, 10 சதம் செம்பு. 0.01 கிராம் காட்டும் சின்ன மின் தராசு போதும். அதிகம் புழங்காத காசின் மேல் அடித்திருந்தால் 26.6-க்குக் கீழே போகாது. 26.2 காட்டினால் தேய்ந்த காசின் மேல் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். தேய்ந்த காசில் உலோகமே குறைவு. எவ்வளவு அழுத்தினாலும் டையின் ஆழமான இடங்கள் நிரம்பாது. லிபர்டியின் காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் இறகும் மழுங்கி நிற்கும். 22, 23 கிராம் என்றால் யோசிக்கவே வேண்டாம், பித்தளை வகை.

அடுத்தது தண்ணீர் சோதனை. தராசில் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க மூழ்க விடுங்கள். தராசு 2.58 கிராமை ஒட்டிக் காட்டினால் வெள்ளி சரி. எடையை ஈடுகட்ட தடிமனாகச் செய்த பித்தளைக் காசு 3 கிராமைத் தாண்டிவிடும். காசில் ஒட்டிய காற்றுக் குமிழியும் அளவைக் கூட்டிக் காட்டும். குமிழியை உதறிவிட்டுப் படியுங்கள்.

இவ்வளவும் தேறினாலும் அது வெள்ளி என்பது மட்டும்தான் உறுதி. ஓவர்ஸ்ட்ரைக்தானா என்பதை 10 மடங்கு பெரிதாக்கும் லூப் என்ற கைலென்ஸும் ஒற்றை விளக்கும்தான் சொல்லும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்து தேதியில் தொடங்குங்கள். அடிக்காசு (அடியில் உள்ள பழைய காசு) 1922 அல்லது 1923 என்றால் ‘19’ புதிய அச்சோடு பொருந்திவிடும். பழைய காசின் மிச்சம் தெரிய வேண்டியது கடைசி இரண்டு இலக்கங்களில்தான்: ‘64’-இன் ஓரத்தில் பழைய 2-இன் வளைவு நிழல்போல் படுத்திருக்கும். பிறகு ‘லிபர்டி’ எழுத்துகளின் விளிம்பு, மகுடக் கதிர்களின் நுனி. டையும் அடிக்காசும் மயிரிழை விலகியிருந்தாலும் அங்கே இரட்டை வரி தெரியும். பின்பக்கம் ‘ஒன்’ என்ற சொல்லுக்குக் கீழே டென்வரின் ‘டி’ முத்திரை இருக்கும். அடிக்காசு சான் பிரான்சிஸ்கோவுடையது என்றால் அங்கே பழைய ‘எஸ்’ அரைகுறையாக மிஞ்சலாம்.

மிச்சம் அதிகமாகத் தெரிந்தால் குறை என்று பலர் விலை குறைக்கிறார்கள். அது தலைகீழ்ப் பார்வை. ஒரு மிச்சமும் தெரியாத காசுக்குத்தான் வேறு சான்று கேட்க வேண்டும்: விற்றவரின் ரசீது, காரின் தயாரிப்புப் பட்டியலோடு ஒத்துப்போகும் மேற்பரப்பு வகை, தரம் பிரிக்கும் நிறுவனத்தின் மூடிய உறை.

வேலைத்தரம் பற்றி இரு கருத்துக்கு இடமில்லை. ஏற்கெனவே ஒரு முறை அடிவாங்கிய வெள்ளி கடினப்பட்டிருக்கும். புது வில்லையை விட அதிக அழுத்தம் கேட்கும். அதற்கேற்ற பிரஸ் இருப்பதால் எழுத்தும் முகமும் கூர்மையாக எழும்பியிருக்கின்றன. கழுத்து வளைவும் முடிக்கற்றையும் பழைய பாணியிலேயே வந்திருக்கின்றன. பெரும்பாலான நகல்கள் சறுக்குவது இங்கேதான், முடி கம்பி கம்பியாக நிற்கும். ஒரே மனத்தாங்கல், ஆழமான பழைய மோதல் வடுக்கள் சில பிரதிகளில் கன்னத்தில் தப்பி நிற்பது. புது மினுமினுப்புக்கு நடுவே பழைய குழி கண்ணை உறுத்தும்.

சட்டப் பக்கம் சர்ச்சை தீர்ந்தபாடில்லை. 1973-இன் பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம் நகல் காசுகளில் ‘காப்பி’ என்ற சொல் பொறிக்கப்பட வேண்டும் என்கிறது. இவற்றில் அது இல்லை. இது நகல் அல்ல, மாற்றப்பட்ட அசல் காசு; இந்தத் தேதியில் எந்தக் காசும் வெளிவரவில்லை என்பது கார் தரப்பு வாதம். எதிர்த்தரப்புக்கு 1964-டி-தான் வலுவான ஆயுதம்: வெளிவராவிட்டாலும் அப்படி ஒரு காசு அடிக்கப்பட்டது உண்மை. நாணயச் சாலை அடிக்கவே அடிக்காத ஆண்டுகளை ஏற்றிய கற்பனைக் காசுகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. முதன்முதலாக ஒன்று வாங்குபவருக்கு என் பரிந்துரையும் அந்த வகைதான். அது அசல் என்று யாரையும் ஏமாற்ற வழியே இல்லை.

விலை விஷயத்தில் கணக்கு எளிது. உள்ளே 0.7734 டிராய் அவுன்ஸ் (சுமார் 24 கிராம்) வெள்ளி. அன்றைய அவுன்ஸ் விலையால் பெருக்கினால் தரைவிலை. அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் கைவேலைக்கும் குறைந்த எண்ணிக்கைக்கும்தான். 1964-டி-க்கு அந்த ‘மேல்’ தரைவிலையைப் பல மடங்கு தாண்டிவிட்டது. நாணய ஆல்பத்தில் காலி இடம் நிரப்ப ஆசைப்படுபவர்களே அதை ஏற்றிவிடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வழவழப்பான பிவிசி பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள். சில மாதங்களில் பச்சைப் பிசின் படியும். படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் அமிழ்த்தி எடுத்து, துடைக்காமல் காயவிடுங்கள். துணியோ பல்பொடியோ பட்டால் மினுமினுப்பு திரும்பி வராது. 38 மில்லிமீட்டர் கெட்டிக் காப்ஸ்யூல் போதும். அடிக்காசின் ஆண்டு தெரிந்தால் காப்ஸ்யூலுக்கு வெளியே சீட்டில் ‘ஓவர்ஸ்ட்ரைக், அடியில் 1923’ என்று எழுதி ஒட்டி வையுங்கள். நாளை பெட்டியைத் திறக்கும் பேரப்பிள்ளை அதை அசல் 1964-டி என்று நம்பி ஏலக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம்.