எழும்பூரில் ஒரு நாள்: முதலில் செப்புச் சிலைகள், பிறகு சேலை

வெள்ளிக்கிழமை போகாதீர்கள், அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. மற்ற நாட்களில் காலை 9.30க்கே நேராகச் செப்புத் திருமேனிக் கூடத்துக்குள் நுழைந்துவிடுங்கள். வளாகம் பெரியது, மற்ற கட்டடங்களில் தொடங்கினால், இங்கே வருவதற்குள் கால் சோர்ந்துவிடும்.

திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நிதானமாக நில்லுங்கள். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒரே கை. இடுப்பு வளைவில் ஆண் எங்கே முடிகிறது, பெண் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. சோழர் காலக் கைவேலையின் உச்சம் இதுதான் என்பேன்.

துணி வாங்குவதைப் பிற்பகலுக்கு வையுங்கள், பையைச் சுமந்துகொண்டு சிலை பார்க்க முடியாது. அதே பாந்தியன் சாலையில் கோ-ஆப்டெக்ஸ்; நடந்தே போகலாம். காஞ்சிபுரம் கோர்வைச் சேலை (கரையையும் உடலையும் தனித்தனி ஊடை நூலால் நெய்து கோர்த்தது) என்றால் கரை உடலோடு சேருமிடத்தைப் புரட்டித் தடவுங்கள்: இணைப்பு மேடாகத் தட்டுப்படும்.