முதலில் யாரைக் கேட்பது: மைல்ஸ் டேவிஸா, ஜான் கோல்ட்ரேனா?

ஜாஸ் கேட்கத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் இசைத்தட்டுகள் இரண்டு: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ (1959), ஜான் கோல்ட்ரேனின் ‘எ லவ் சுப்ரீம்’ (1965).

முன்னது நியூயார்க்கில் இரண்டே அமர்வுகளில் பதிவானது. கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்) அடிக்கடி மாறும் ‘பீபாப்’ என்ற வேகமான ஜாஸ் பாணியை விட்டு, சில ஸ்வர வரிசைகளுக்குள் நிதானமாக உலவுகிறது. டேவிஸின் டிரம்பெட் அளந்து பேசும், இடைவெளிகளும் இசையாகும்.

அதில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் கோல்ட்ரேன்தான். ஹெராயின் பழக்கத்தால் 1957இல் டேவிஸின் குழுவிலிருந்து நீக்கப்பட்டவர், அதே ஆண்டில் அந்தப் பழக்கத்திலிருந்து மீண்டு, பின்னர் குழுவுக்கும் திரும்பினார். அந்த மீட்சிக்காக இறைவனுக்குச் செலுத்திய நன்றியே ‘எ லவ் சுப்ரீம்’. 1964 டிசம்பர் 9 அன்று நியூஜெர்சியில் பதிவு செய்தார்கள். ஜிம்மி காரிசனின் பேஸ் (தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்திக் கருவி) நான்கே ஸ்வரங்களைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் கொந்தளிக்கிறது, சாக்ஸபோன் மன்றாடுகிறது. கடைசிப் பகுதியில், தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையைக் கோல்ட்ரேன் சாக்ஸபோனிலேயே ஓதுகிறார். உறையில் அச்சான அந்த வரிகளைப் படித்தபடி கேளுங்கள், மெய்சிலிர்க்கும்!

புதியவர்கள் டேவிஸிடமிருந்தே தொடங்கலாம். அவர் யாரையும் மிரட்டுவதில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால், நான் தயங்காமல் கோல்ட்ரேனை எடுப்பேன்.